கூண்டில் நின்ற வேலைக்காரிகள்: லண்டன் முதல் ஃபிராங்க்ஃபர்ட் வரை

திங்கள், லண்டன்

ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் பார்வையாளர் மாடத்துக்குப் பை கொண்டுபோகக் கூடாது, செல்போனும் கூடாது. வைத்துவிட்டுப் போக உள்ளே இடமும் கிடையாது. அக்கம்பக்கத்துக் கடைகளில் காசு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் செலவு இல்லை, அக்கா மகள் வாசலிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். "மே லீவுக்கு வந்த இடத்திலும் கோர்ட்டா சித்தி? மதுரையில் பார்க்கிறது போதாதா?" என்று கேட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள்.

நான் பார்க்க வந்தது இப்போதைய வழக்குகளை இல்லை. இங்கே நடந்த விசாரணைகளை 1674 முதல் 1913 வரை அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். ஏறக்குறைய 2 லட்சம் வழக்குகள், எல்லாமே இன்று இணையத்தில் இலவசம். நான் வக்கீல். சில மாதங்களாக ராத்திரி கட்சிக்காரர்களின் போன் நின்ற பிறகு அவற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது பெண்களின் கூட்டம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18இன் தொடக்கத்திலும் இந்தக் கூண்டில் நின்றவர்களில் பாதிக்கு அருகில் பெண்கள். அதற்குப் பின் அந்த அளவு வந்ததே இல்லை. வீட்டு வேலைக்காரி, துணி வெளுப்பவள், தையல் வேலை செய்பவள், தெருவில் பழம் விற்பவள். நிறையப் பேர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இப்போதுள்ள கட்டடம் 1907இல் திறந்தது. நியூகேட் சிறையை இடித்துவிட்டு அதே மனையில் கட்டினார்கள். பழைய நீதிமன்றம் பக்கத்திலேயே இருந்தது. 1737 வரை அதற்கு ஒரு பக்கம் சுவரே கிடையாது. சிறையிலிருந்து வருகிறவர்கள் காய்ச்சலைக் கொண்டுவருவார்கள் என்ற பயத்தில் காற்றோட்டத்துக்காகத் திறந்து விட்டிருந்தார்கள். அப்புறம் சுவர் வைத்து மூடினார்கள். 1750இல் அந்தக் காய்ச்சல் வந்து மேயரையும் நீதிபதிகளையும் சேர்த்தே கொண்டுபோனது.

விசாரணை அரை மணி நேரம் ஓடினாலே பெரிய விஷயம். திருட்டு, கொலை வழக்குகளில் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, வக்கீல் கிடையாது. 1730களில்தான் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய மட்டும் வக்கீலை மெல்ல அனுமதித்தார்கள். கட்சிக்காரருக்காக ஜூரியிடம் (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் குடிமக்கள் குழு) முழு வாதம் வைக்கும் உரிமை 1836இல்தான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வேலைக்காரி தனியாக நின்று, தனக்குத் தானே வாதாட வேண்டும். நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல அக்கம்பக்கத்தார் வந்தால் தப்பிக்க வழி உண்டு. போன மாதம்தான் ஊரிலிருந்து வந்தவளுக்கு யார் வருவார்கள்?

இன்னொன்று. 1623 வரை இங்கிலாந்தில் சாதாரணத் திருட்டுக்கே ஆணுக்கு ஒரு சட்டம், பெண்ணுக்கு ஒரு சட்டம். ஆண் பைபிளில் ஒரு வரி படித்துக் காட்டினால் அவனைப் பாதிரியார் கணக்கில் சேர்த்து, கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்தான், மனப்பாடம் செய்துகொண்டு போனவர்களும் உண்டு. பெண் பாதிரியார் ஆக முடியாது, அதனால் அவளுக்கு அந்தச் சலுகை இல்லை, தூக்குதான். 1623இல் 10 ஷில்லிங்குக்குக் குறைவான திருட்டுக்கு மட்டும் பெண்களுக்கும் சலுகை கொடுத்தார்கள். ஆணுக்குச் சமமாகக் கொடுக்க 1691 ஆனது.

செவ்வாய், லண்டன்

ராத்திரி லேசான மழை. காலையில் செயின்ட் செபல்கர் தேவாலயம் போனேன், நீதிமன்றத்துக்கு நேர் எதிரே. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைமணி. 1605இல் ராபர்ட் டவ் என்ற வியாபாரி 50 பவுண்டு எழுதிவைத்த தர்மம் அது. தூக்குக்கு முந்தின நள்ளிரவில் கைதியின் அறைக்கு வெளியே நின்று அந்த மணியை அடித்து, 'மனம் திரும்பு' என்று பாட்டுச் சொல்ல வேண்டும். என்ன தர்மமோ!

அங்கிருந்து பழைய தூக்குமேடை இருந்த டைபர்ன் வரை நடந்தேன். ஏறக்குறைய 3 மைல். ஹோல்பர்ன், செயின்ட் ஜைல்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு தெரு என்று கைதி வண்டி போன அதே வழி. கடைசிப் பாதி முழுக்கத் துணிக்கடை. அது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. பதிவேடுகளில் பெண்கள் திருடியதாக வருவது மறுபடி மறுபடி துணிதான்: சட்டை, படுக்கை விரிப்பு, பாவாடை, கைக்குட்டை, மேசைத்துணி. அன்றைக்குத் துணிதான் ஏழையின் கையில் இருந்த சொத்து. காலையில் எடுத்தது மதியம் அடகுக் கடையில் இருக்கும். அடகுக் கடைக்காரரே மறுநாள் சாட்சிக்கும் வந்து நிற்பார்.

தண்டனையை முடிவு செய்தது துணியின் விலை. 1 ஷில்லிங்குக்குக் கீழே என்றால் சில்லறைத் திருட்டு, கசையடியோடு போகும். கடையில் யாரும் அறியாமல் 5 ஷில்லிங் பெறுமானம் எடுத்தால் 1699 சட்டப்படி தூக்கு. வீட்டுக்குள் 40 ஷில்லிங் என்றால் 1713 சட்டப்படி தூக்கு. அதற்கு ஜூரிகள் கண்டுபிடித்த வழியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை தீர்ப்புகளில் '39 ஷில்லிங் பெறுமானம் திருடிய குற்றவாளி', '4 ஷில்லிங் 10 பென்ஸ் பெறுமானம் திருடிய குற்றவாளி'! பொருளின் உண்மையான விலை எல்லோருக்கும் தெரியும். நீதிபதிக்கும் தெரியும். 1718க்குப் பிறகு இப்படித் தப்பியவர்களில் பலரை 7 வருஷத்துக்கு மேரிலாந்துக்கும் வர்ஜீனியாவுக்கும் கப்பலேற்றினார்கள்.

மேரி ஜோன்ஸ் விஷயத்தில் ஜூரி அந்தத் தயவைக் காட்டவில்லை. 1771. லட்கேட் பகுதித் துணிக்கடையில் மஸ்லின் துண்டுகளை எடுத்ததாக வழக்கு. அந்தக் காலத்தில் மஸ்லின் என்றாலே பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன துணி. கூண்டில் அவள் சொன்னது இவ்வளவுதான்: நான் நேர்மையாக வாழ்ந்தவள், எனக்கு இரண்டு குழந்தைகள், புருஷனைக் கடற்படைக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு பாடுபட்டுத்தான் காப்பாற்றுகிறேன். அக்டோபரில் தூக்கு. ஆறு வருஷம் கழித்து வில்லியம் மெரெடித் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் இவளைப் பற்றிப் பேசினார். டைபர்னுக்குக் கிளம்பும்போது கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது என்றார். அரசாங்கமே புருஷனைப் பிடித்துப்போய்விட்டு, பெண்டாட்டி பசிக்குத் திருடினாள் என்று தூக்கில் போட்டது.

ஃப்ளீட் தெருவை நேற்றே பார்த்துவிட்டேன், ஆனால் சாரா மால்கமைப் பற்றி எழுதாமல் விட முடியாது. டெம்பிள் என்ற வக்கீல்கள் வளாகத்தில் அறைகளைக் கூட்டித் துடைத்த பெண், வயது 22. 1733 பிப்ரவரியில் ஒரு கிழவியும் அவருடைய இரண்டு வேலைக்காரப் பெண்களும் கொலையானார்கள். சாராவின் உள்ளாடையிலும் ஏப்ரனிலும் ரத்தம் இருந்தது. அது மாதவிடாய் ரத்தம் என்று ஆண்கள் நிறைந்த அந்த மன்றத்தில் அவளே எழுந்து சொன்னாள். அதோடு விடவில்லை. உடையோடு கொன்றேன் என்றால் ஏப்ரனில் ரத்தம் படலாம், உள்ளாடைக்கு எப்படி வந்தது? உள்ளாடையோடு கொன்றேன் என்றால் ஏப்ரனுக்கு எப்படி வந்தது? உள்ளாடையின் பின்பக்கத்துக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்வியை எங்கள் வக்கீல் சங்கத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். திருட்டில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டாள், கொலையைக் கடைசி வரை மறுத்தாள். கால் மணி நேரத்தில் ஜூரி முடித்துவிட்டது. தூக்குக்கு முன்னால் ஓவியர் ஹோகார்த் நியூகேட்டுக்குப் போய் அவளை வரைந்தார், அந்தப் படம் அச்சாகி 6 பென்ஸுக்கு விற்றது. ஃப்ளீட் தெருவிலேயே, அவள் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் தூக்கு.

டைபர்ன் இருந்த இடத்தில் இப்போது சாலைத் தீவு ஒன்று, மார்பிள் ஆர்ச் பக்கம். தரையில் வட்டமாக ஒரு கல், சுற்றி மூன்று ஓக் மரக்கன்றுகள். 1783இல் இங்கே கடைசித் தூக்கு. சிக்னல் விழுவதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.

புதன், ஆக்ஸ்ஃபோர்டு

பேடிங்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில். கல்லூரிகள் பக்கம் நான் போகவில்லை, நேராகக் கோட்டைக்கு. பழைய சிறைச்சாலையில் ஒரு பகுதி இப்போது சொகுசு ஹோட்டல். அறைகளுக்கான வாடகையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

1650 டிசம்பர் 14. ஆன் கிரீன் என்ற 22 வயதுப் பெண்ணை இந்த வளாகத்தில் தூக்கில் போட்டார்கள். டன்ஸ் டியூ கிராமத்தில் சர் தாமஸ் ரீட் வீட்டில் வேலைக்காரி. அவருடைய பேரன் ஜெஃப்ரியால் கர்ப்பமானாள். வேலை செய்யும்போதே குறைப்பிரசவம். பிறந்தது ஒரு சாண் நீளம்தான், உயிரோடு பிறந்திருக்கவே முடியாது என்று மருத்துவச்சி சொன்னாள். எடுபடவில்லை. காரணம், 1624ஆம் ஆண்டுச் சட்டம். கல்யாணம் ஆகாத பெண் குழந்தையின் சாவை மறைத்தாலே கொலை என்று கொள்ளலாம். செத்துப் பிறந்தது என்று ஒரு சாட்சியாவது சொன்னால்தான் விடுதலை. தனியாகப் பெற்றவளுக்குச் சாட்சி ஏது? நிரூபிக்கும் பொறுப்பை எதிரியின் தலையில் கட்டும் சட்டங்களோடு மல்லுக்கு நிற்பதுதான் என் பிழைப்பு. அதில் இதைவிடக் கொடூரமான ஒன்றை நான் படித்ததில்லை. கல்யாணமான பெண்ணுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆக, நடைமுறையில் இது வேலைக்காரிகளுக்கென்றே எழுதிய சட்டம். கர்ப்பம் தெரிந்தால் அன்றைக்கே வேலையும் கூரையும் போகும், அதனால் மறைக்கிறாள். மறைத்தது வெளியே வந்தால் உயிர் போகும்.

ஆன் அரை மணி நேரம் தொங்கினாள். சீக்கிரம் உயிர் போகட்டும் என்று வேண்டியவர்களே காலைப் பிடித்து இழுத்தார்கள். பிறகு உடலைப் பெட்டியில் வைத்து, அறுத்துப் பாடம் நடத்த மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்தால் தொண்டையில் ஏதோ சத்தம். மருத்துவர்களான வில்லியம் பெட்டியும் தாமஸ் வில்லிஸும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சூடான பானம் ஊற்றினார்கள், தொண்டையில் இறகை விட்டுக் கிளறினார்கள், ரத்தம் எடுத்தார்கள், உடம்புச் சூட்டுக்காக இன்னொரு பெண்ணைப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். மறுநாள் பேசிவிட்டாள். ஊரே பார்க்க வந்தது, வந்தவர்களிடம் காசும் வாங்கினார்கள். கடவுளே காப்பாற்றிவிட்டார் என்று மன்னிப்பு கிடைத்தது. தன் சவப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், மூன்று குழந்தைகள் பெற்றாள். ஜெஃப்ரியை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

18ஆம் நூற்றாண்டில் ஜூரிகள் இதற்கும் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்காகத் துணி தைத்து வைத்திருந்தாளா? ஒரு சின்னத் தொப்பி, ஒரு துண்டு லினன் பெட்டியில் கிடைத்தாலும் போதும், கொல்லும் எண்ணம் இல்லை என்று விட்டுவிடுவார்கள். பெண்கள் இதை வாய்வழியாகத் தெரிந்து வைத்திருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

1803இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு, பிறப்பை மறைத்ததற்கு அதிகபட்சம் 2 வருஷம் என்று மாற்றினார்கள். வக்கீல்களுக்கு இந்த 2 வருஷம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். இந்திய தண்டனைச் சட்டம் 318, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 94. பிறந்த குழந்தையின் உடலை ரகசியமாக அப்புறப்படுத்திப் பிறப்பை மறைத்தால் 2 வருஷம் வரை.

வியாழன், ரயிலில்

செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு நாலு மணி நேரம். கடலுக்கடியில் போனதே தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டதால், விட்டுப்போன ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

ஓல்ட் பெய்லியில் தூக்குத் தண்டனை பெற்ற பெண், 'நான் கர்ப்பம்' என்று சொல்லலாம். உடனே மன்றத்தில் இருக்கும் பெண்களிலிருந்து 12 பேரைத் தேர்ந்தெடுத்துச் சத்தியம் வாங்கி, தனி அறைக்கு அனுப்புவார்கள். வயிற்றைப் பார்த்து, குழந்தை அசைகிறதா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அசைந்தால் பிரசவம் வரை தூக்கு தள்ளிப்போகும், பல சமயம் அதற்குப் பிறகு மன்னிப்பும் வரும். வேறு எந்த வழக்கிலும் பெண் ஜூரியாக உட்கார முடியாத காலத்தில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பெண்கள் சொல்வதுதான் சட்டம். கர்ப்பமே இல்லாதவர்களுக்கும் 'அசைகிறது' என்று சொன்ன ஜூரிகள் உண்டு என்று அந்தக் காலத்து ஆண்கள் குறைபட்டுக்கொண்டார்கள். நல்ல காரியம்தானே செய்திருக்கிறார்கள்.

வெள்ளி, ஆம்ஸ்டர்டாம்

டாம் சதுக்கத்து அரண்மனையை ராஜா பயன்படுத்தாத நாட்களில் திறந்துவிடுகிறார்கள். 1655இல் திறந்தபோது இது நகராட்சி மன்றம். கீழ்த்தளத்தில் சதுக்கத்தைப் பார்த்தபடி ஒரு சின்னப் பளிங்கு அறை, மரண தண்டனையை வாசிப்பதற்கென்றே கட்டியது. சுவரில் சாலமோன் தீர்ப்பு, ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்கள். அதைத் தாங்கி நிற்பது வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்ட பெண் சிலைகள், குவெலினஸ் செதுக்கியவை. இத்தனை அழகாக ஓர் அறையைக் கட்டிவிட்டு அதற்குள் கூட்டிவந்தது யாரை?

எல்ஸ்யே கிறிஸ்டியன்ஸை. வயது 18, டென்மார்க்கின் ஜட்லாண்டிலிருந்து வேலை தேடி வந்தவள். 1664 ஏப்ரலில் டாம்ராக் பக்கம் ஒரு பெண்ணின் வீட்டில் படுக்கைக்கு வாடகை பேசித் தங்கினாள். வேலை கிடைக்கவில்லை, வாடகை பாக்கி. வீட்டுக்காரி பெட்டியை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லி விளக்குமாற்றால் அடித்தாள். எல்ஸ்யே அங்கே கிடந்த கோடரியை எடுத்தாள். வீட்டுக்காரி நிலவறைப் படியில் உருண்டு விழுந்து செத்தாள். எல்ஸ்யே ஓடிப்போய்த் தண்ணீரில் குதித்தாள், தூக்கி வெளியே போட்டார்கள். மே 1ஆம் தேதி சதுக்கத்தில் கம்பத்தில் கட்டிக் கழுத்தை நெரித்து, அதே கோடரியால் தலையில் அடித்தார்கள். பிறகு உடலை வோலவைக் என்ற இடத்தில் கோடரியோடு கட்டித் தொங்கவிட்டார்கள், காற்றும் பறவைகளும் தின்று தீர்க்கும் வரை.

ஓவியர் ரெம்பிராண்ட் அங்கே போய் அவளை இரண்டு முறை வரைந்தார், முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டும் இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தில் இருப்பது யார் என்று 1969 வரை யாருக்கும் தெரியாது. இசபெல்லா ஃபான் எய்கன் என்ற ஆவணக் காப்பாளர்தான் பழைய நீதிமன்ற ஏடுகளிலிருந்து பெயரைக் கண்டுபிடித்தார். ஓவியத்தைவிட எனக்கு அந்த ஏடுகள்தான் பெரிது. கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று போலீஸ் ஸ்டேஷன் வாக்குமூலம் போலவே போகும். எழுதிக்கொள்ளத் தெரியாத பெண்கள் பேசிய பேச்சு இவ்வளவு நிறைய எஞ்சியிருப்பது, அவர்கள் மாட்டிக்கொண்டதால்தான்.

சாயங்காலம் மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்து இலவசப் படகில் ஏறி வடகரைக்குப் போனேன். வோலவைக் அந்தப் பக்கம்தான். இப்போது சினிமா அருங்காட்சியகம், காபிக் கடை, சைக்கிளில் பிள்ளைகள்.

சனி, ஆம்ஸ்டர்டாம்

ஸ்பின்ஹவுஸின் வாசலைப் பார்த்தேன். ஒரு குறுகிய சந்தில் இருக்கிறது. 1597இல் பெண்களுக்காகத் தொடங்கிய சிறை. விபசாரி, பிச்சைக்காரி, திருடி எல்லோரையும் அடைத்து நூல் நூற்கவும் துணி தைக்கவும் வைத்தார்கள். நுழைவுக்காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கவும் விட்டார்கள். வாசல் மேலே கவிஞர் ஹூஃப்ட் எழுதிய இரண்டு வரி: பயப்படாதே, நான் தீமைக்குப் பழிவாங்கவில்லை, நல்ல வழிக்குக் கட்டாயப்படுத்துகிறேன், என் கை கடுமை, மனம் கனிவு. வாசலுக்கு மேல் இருக்கும் சிற்பத்தில் சவுக்கடி நடக்கிறது. கனிவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஹாலந்து நகரங்களிலும் குற்றவாளிகளில் பெண்களின் பங்கு மிக அதிகம். வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏறக்குறைய 200 வருஷத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேற்றிய ஆட்கள் கிட்டத்தட்ட 10 லட்சம். பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. அவர்களில் ஒரு பகுதி வந்து இறங்கியது பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும். பெண்டாட்டிக்கு என்று எழுதிக் கொடுத்தால் வருஷத்தில் மூன்று மாதச் சம்பளம்தான் அவள் கைக்கு வரும். மீதி ஒன்பது மாதத்துக்கு? புருஷன் உயிரோடு இருக்கிறானா என்றும் தெரியாது, தெரியாமல் மறுமணமும் முடியாது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்களின் வீட்டுப் பெண்களைப் பற்றி அன்றைக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு, ஃபிராங்க்ஃபர்ட்

மறுபடி நாலு மணி நேர ரயில். இங்கே ஒரே பெயர்: ஸூசன்னா மார்கரெத்தா பிராண்ட், 'ஐன்ஹார்ன்' என்ற விடுதியின் வேலைக்காரி. ரஷ்யாவுக்குப் போகும் வழியில் தங்கிய ஒரு பொற்கொல்லன் மதுவில் எதையோ கலந்து கொடுத்தான் என்று விசாரணையில் சொன்னாள். 1771 ஆகஸ்ட் 1ஆம் தேதி துணி துவைக்கும் அறையில் தனியாகப் பெற்றாள், குழந்தை செத்தது. மைன்ஸுக்கு ஓடினாள், கையில் காசில்லாமல் மறுநாளே திரும்பினாள், நகர வாசலில் பிடித்தார்கள். 1772 ஜனவரி 14 அன்று ஹாப்ட்வாகே சதுக்கத்தில் வாளால் தலையை வெட்டினார்கள். இன்று அங்கே மெட்ரோ நிலையம், ஐஸ்க்ரீம் கடை, பெரிய துணிக்கடைகள்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஜெர்மன் கவிஞர் கோத்தே பிறந்த வீடு. இந்த வழக்கு நடந்தபோது அவருக்கு 22 வயது, புதிதாக உரிமம் வாங்கிய வக்கீல். இந்த வழக்கின் ஆவண நகல்கள் அவர் அப்பாவின் காகிதங்களில் இருந்தன. அவர் எழுதிய ஃபவுஸ்ட் நாடகத்தில் குழந்தையைக் கொன்றுவிட்டுச் சிறையில் புலம்பும் கிரெட்சன் பிறந்தது இங்கிருந்துதான். வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி அதை நன்றாகவே சொன்னார்.

அவர் சொல்லாமல் விட்டது 1783. கோத்தே அப்போது வைமார் அரசில் ஆலோசகர். யோஹன்னா ஹோன் என்ற 24 வயது வேலைக்காரி, அதே குற்றம். வைமார் மன்னர் மரண தண்டனையை நிறுத்தலாமா என்று யோசித்து ஆலோசகர்களிடம் கருத்துக் கேட்டார். வைத்துக்கொள்வதே நல்லது என்று கோத்தேவும் நவம்பர் 4ஆம் தேதி எழுதிக் கொடுத்தார். அதே மாதம் 28ஆம் தேதி யோஹன்னாவின் தலையை வெட்டினார்கள். கிரெட்சனை எழுதி முடித்துப் பல வருஷம் கழித்து! வழிகாட்டியிடம் இதைக் கேட்டேன். "ஆமாம், அதுவும் உண்மைதான்" என்று சொல்லிவிட்டு, கோத்தேயின் அம்மா சமைத்த அடுக்களையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அடுக்களையில் வேலை பார்த்தவர்களின் பெயர் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன். அக்கா மகள் போனில், "சித்தி, நாளைக்காவது ஷாப்பிங் போங்க" என்கிறாள்.